புயலும் ஒரு தலையணையும்

வீட்டை விட்டுப் புறப்படும் வேளையில் மனிதன் எதைக் கையில் எடுத்துக்கொள்கிறான் என்பதைக் கொண்டே அவன் உள்ளத்தை ஓரளவு அறிந்துவிடலாம். பயணம் போகிறவன் மூட்டை கட்டுவது ஒருவிதம்; வெள்ளத்துக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவன் மூட்டை கட்டுவது வேறொரு விதம். முன்னவன் தான் போய்ச்சேரும் இடத்தை நினைத்துக் கட்டுகிறான். பின்னவனோ தான் விட்டுச்செல்லும் இடத்தை நினைத்துக் கட்டுகிறான். இந்த வேறுபாட்டைக் குருமடத்தில் இறையியல் பயின்ற ஆண்டுகளில் நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு மூதாட்டியின் தலையணை அதை நமக்குக் கற்பித்தது. அதுவும், நாம் ஒரு பிழை செய்த பின்னரே கற்பித்தது.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியை வாசகர் பலர் அறிந்திருப்பர். இராமானுசர் பிறந்த ஊர் என்று வைணவர்கள் போற்றும் திருப்பெரும்புதூர், 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் நிகழ்ந்த கொடுஞ்செயலால் உலகறிந்த ஊராயிற்று. பின்னர் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும் எழுந்தன. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பொறியாளர்கள் தங்குவதற்கெனப் பல மாடி விடுதிகளும் நெடுஞ்சாலையோரம் முளைத்தன. ஆனால் இந்த மண்ணின் பழைய பெயர் ஏரி நாடு. மணிமங்கலம், சோமங்கலம், ஆதனூர் என்று ஏரிக்குப் பின் ஏரியாக நீர் நிரம்பி வழிந்து அடையாற்றில் சேர்வதே இதன் இயற்கை. தொழிற்சாலை வந்ததும் மனிதர் மறந்துவிட்டனர். நீர் தன் வழியை மறக்கவில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அது தன் வழியை நினைவுபடுத்தியது. அன்று காலை தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டதையே நாடெங்கும் பேசினர். ஆனால் வரதராசபுரத்தையும் முடிச்சூரையும் சூழ்ந்த வெள்ளம் அதுவன்று. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். இவ்வூர்களோ அதற்கு மேலே இருப்பவை. மேற்கே உள்ள ஏரிகள் நிரம்பி வழிந்த நீரே இவ்வூர்களை மூழ்கடித்தது. மொட்டை மாடிகளில் தவித்தவர்களைப் படகுகளில் மீட்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு மீட்கப்பட்ட குடும்பங்களுள் ஒன்று, ஞாயிறுதோறும் நம் ஆலயத்துக்கு வரும் குடும்பம். கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவி, மகன், மகள், அவருடைய தாய் என ஐவர். வரதராசபுரத்தில் தரைத்தளத்தோடு கூடிய சொந்த வீடு. கடன் இன்னும் முடியவில்லை.

2023 டிசம்பர் 2ஆம் நாள் சனிக்கிழமை. வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக மாறும் என்று வானிலை ஆய்வு மையம் எச்சரித்துக்கொண்டிருந்தது. மியான்மர் நாடு தந்த ‘மிக்ஜாம்’ என்ற பெயர் அதற்கெனக் காத்திருந்தது. அக்குடும்பத்தினர் ஒரகடம் பக்கத்து விடுதியொன்றில் இரண்டு நாளுக்கு அறை எடுத்திருந்தனர். புறப்படும்முன் வீட்டில் ஒருமுறை செபம் சொல்லிவிட்டுப் போகும்படி மருமகள் தொலைபேசியில் அழைத்தார். மாலையில் நாம் சென்றோம்.

அனுபவம் எத்துணை நல்ல ஆசிரியர் என்பதை அந்த வீட்டில் கண்டோம். வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாவற்றையும் நெகிழி உறைகளில் இட்டு, வாய் கட்டி, ஒரே பையில் வைத்திருந்தார் கணவர். எரிவாயு உருளையை மூடிக் கட்டிலின் மேல் ஏற்றியிருந்தார். மின் இணைப்பின் முதன்மை விசையை அணைப்பது புறப்படும்போது செய்யவேண்டிய கடைசி வேலை என்று சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. அறை எடுக்கும்போதும் அவர் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார்: விடுதிக்குச் செல்லும் சாலையில் 2015இல் தண்ணீர் நின்றதா? மின்சாரம் போனால் மின்னாக்கி எத்தனை மணி நேரம் ஓடும்? மின்தூக்கி நின்றால் தாய் ஏறக்கூடிய மாடியில் அறை கிடைக்குமா?

மருமகளின் பை வேறு வகையானது. மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரைகள் பத்து நாளைக்கு. தைலம். கைவிளக்கு. குளிர்சாதன அறையில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்குமென்று வீட்டுப் போர்வைகள் இரண்டு. கெட்டுப்போகாமல் ஒரு நாள் தாங்கும் என்று புளியோதரை, ஒரு டப்பா முறுக்கு. மகன் சதுரங்கப் பலகையை எடுத்திருந்தான். மகள் துணிப் பொம்மையை. மூதாட்டி தம் பங்குக்கு இரண்டு சேலைகளும் செபமாலையும் எடுத்து வைத்து, அவற்றுக்கு மேல் பழஞ்சேலையில் சுற்றிய ஒரு பெரிய தலையணையை அமுக்கிக்கொண்டிருந்தார். பையின் வாய் மூடவில்லை.

நாம் அப்போது வாயைத் திறந்தோம். “என்னம்மா, விடுதியிலே தலையணைக்குப் பஞ்சமா? நோவா கூடப் பேழையிலே தலையணை ஏத்தினதா வேதத்திலே இல்லையே!” என்றோம்.

எல்லாரும் சிரித்தார்கள். மூதாட்டியும் சிரித்தார். சிரித்தபடியே தலையணையை வெளியே எடுத்து, கட்டிலின் மேல், சுவரோரமாக வைத்தார். நாம் செபம் சொன்னோம்; வீட்டின் மீது தீர்த்தம் தெளித்தோம். அந்தத் தலையணையின் மீதும் இரண்டு துளி விழுந்திருக்கக்கூடும்.

மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. புதிய திருவழிபாட்டு ஆண்டில் மாற்கு நற்செய்தி தொடங்கியிருந்தது. நெடும்பயணம் போகும் வீட்டுத் தலைவர், ஊழியர்களிடம் பொறுப்பைக் கொடுத்து, வாயில் காப்போனை விழித்திருக்கச் சொல்லும் உவமையே அன்றைய வாசகம். தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, விடியலிலோ, எவரும் அறியார். ஆலயத்தில் கூட்டம் குறைவு, வெளியே காற்று. விழிப்பாயிருப்பவன் சுமையைக் குறைத்துக்கொள்வான் என்று நாம் முழங்கினோம். பெயர் சொல்லாமல் தலையணைக் கதையையும் அதில் சேர்த்துக்கொண்டோம். மறையுரை நன்றாக இருந்ததாகச் சிலர் பாராட்டினார்கள்.

அன்று மாலைக்குள் பங்கு மன்றத்தில் நாற்பது பேர் அளவில் வந்து சேர்ந்துவிட்டனர். விடுதியில் அறை எடுக்கும் வசதி படைத்தவர்கள் அல்லர். ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக வந்து, தகரக் கூரையின்கீழ் ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருந்த இளைஞர்கள் அவர்களுள் பலர். வின்சென்ட் தே பவுல் சபையினர் கஞ்சி காய்ச்சினர். நாம் நற்கருணைப் பாத்திரத்தை மேல்மாடிக்குக் கொண்டுசென்றோம். ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் ஏற்றினோம். பிறகு நமக்கென ஒரு பை. வெந்நீர்க் குடுவையில் சுக்குக் காப்பி, கம்பளிச் சால்வை, மூக்கடைப்புத் தைலம், படித்துக்கொண்டிருந்த புத்தகம். நம்மைப் பார்த்து நோவாவை நினைவூட்ட அங்கு யாரும் இல்லை.

இரவில் மின்சாரம் நின்றது. ஒடிய இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். துண்டில் சுற்றியிருந்த சிறு சட்டகத்தைக் காட்டினார். பூரி ஜெகந்நாதரின் படம். தம் தாயார் கொடுத்தனுப்பியது என்றும், படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றும் அரைகுறைத் தமிழில் கேட்டார். “தாராளமா வச்சுக்கப்பா” என்றோம். அவர் படத்தை வைத்து, பக்கத்தில் சுருண்டு படுத்து, சற்று நேரத்தில் குறட்டை விட்டார். நாம் பாடல் புத்தகங்களை அடுக்கித் தலைக்கு வைத்துப் படுத்தோம். உறக்கம் வரவில்லை, விடியும்போது கழுத்து ஒருபக்கமாகத் திரும்ப மறுத்தது.

அவ்விரவில்தான் ஒரு கேள்வி முதன்முதலாக எழுந்தது. அந்த இளைஞரின் படத்தைக் கண்டு நாம் ஏன் வேடிக்கை பேசவில்லை? பிற சமயத்தவரின் உணர்வை மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகளில் படித்திருக்கிறோம். படத்துக்கு மதிப்பளிக்க நமக்குப் பயிற்சி இருந்தது. தலையணைக்கு மதிப்பளிக்கப் பயிற்சி இல்லை.

புயல் கரையோரமாக மெல்ல நகர்ந்து, 5ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. அதற்குள் சென்னையும் சுற்றுப்புறமும் நீரில் மிதந்தன. வரதராசபுரத்திலும் முடிச்சூரிலும் மறுபடியும் வெள்ளம். அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் தொடையளவு நீர் நின்று வடிந்தது. இரண்டு நாளுக்கு எடுத்த அறையில் அவர்கள் ஐந்து நாள் தங்க நேர்ந்தது. கடன் வாங்கித்தான் வாடகை செலுத்தினார்கள் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் ஐவரும் நலம். ஆவணங்களும் நலம்.

10ஆம் நாள், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு, அவர்கள் ஆலயத்துக்கு வந்தார்கள். அன்றைய முதல் வாசகம் எசாயாவின் 40ஆம் பிரிவு. துயருற்ற மக்களுக்கு ஆறுதல் சொல்லுமாறு இறைவன் பணிக்கும் பகுதி. திருப்பலி முடிந்தபின் மருமகள் தனியே வந்தார்.

“ஃபாதர், அத்தை அஞ்சு ராத்திரியும் தூங்கலை. விடுதித் தலையணை உசரமா, மெத்துமெத்துன்னு இருந்துச்சு. நாற்காலியிலேயே உக்காந்திருந்தாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா கட்டிலுக்கு மேலே சாக்கடைத் தண்ணி. தலையணையைக் குப்பையிலேதான் போட்டோம்.”

மீதிக் கதையையும் அவரே சொன்னார். சொந்த ஊரில் நின்ற இலவ மரத்துக் காய்களை உடைத்துப் பஞ்செடுத்து, மாமனார் தம் கையால் அடைத்த தலையணை அது. மூதாட்டிக்குக் கழுத்து வலி. 2015இல் மொட்டை மாடியில் இரண்டு இரவுகள் நனைந்தபின் மீட்புப் படகு வந்தபோது, வேறொன்றையும் எடுக்காமல் அந்தத் தலையணையைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினாராம் பெரியவர். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். மழை தொடங்கினால் உறக்கம் கலையும் மூதாட்டி, ஏழு ஆண்டுகளாக அதில்தான் தலைவைத்து இரவைக் கடந்துவந்திருக்கிறார்.

நாம் அவரைத் தேடிப் போனோம். லூர்து மாதா கெபியின் எதிரே அமர்ந்திருந்தார். “அம்மா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிருங்க” என்றோம்.

அவர் எழ முயன்றார், அமர்த்தினோம். “அய்யோ சாமி, நீங்க போயி... நீங்க சொல்லாட்டியும் தண்ணி வந்துதான் இருக்கும்” என்றார். சிறிது நேரம் பேசாமல் செபமாலை மணியை உருட்டினார். பிறகு, “தலையணை போனா போகுது சாமி. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அப்போதான் நமக்கு வயசாயிட்டுதேன்னு தோணுச்சு. இனி நாம எதையும் கேக்கக் கூடாது போலன்னு தோணுச்சு” என்றார்.

முப்பது ஆண்டுக்கு மேல் மறையுரை ஆற்றிவரும் நமக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை.

அதற்குப்பின் ஆறு மாதம் கழிந்தது. 2024 ஜூன் 23, பொதுக்காலத்தின் பன்னிரண்டாம் ஞாயிறு. அதே மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்திலிருந்து வாசகம்: கடலில் எழுந்த புயலை இயேசு அடக்கும் நிகழ்ச்சி. எத்தனையோ முறை வாசித்த பகுதி. சீடரின் அச்சத்தைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் பல மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அன்று வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு சொல்லில் நின்றுவிட்டோம். புயலின் நடுவே படகின் பின்புறத்தில் ஆண்டவர் உறங்கிக்கொண்டிருந்தார். தலையணையில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியைக் கூறுகின்றனர். ஆனால் தலையணையைக் கூறவில்லை. மாற்கு ஒருவரே கூறுகிறார். கிரேக்கத்தில் அவர் ஆளும் சொல் ‘ப்ரோஸ்கெஃபலையோன்’. தலைக்கென வைப்பது என்பதே அதன் பொருள். படகோட்டி அமர்வதற்கான மெத்தையாக அது இருக்கலாம் என்று கூறும் விளக்கவுரையாளரும் உண்டு. எதுவாயினும், களைத்த உடலுக்கு ஒரு மென்மையான பொருளை யாரோ அந்தப் படகில் ஏற்றி வைத்திருந்தார்கள். மீனவர்களாகிய சீடர்களுள் ஒருவராக இருக்கலாம். படகுக்குரியவரின் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். அவரைப் பார்த்து யாரேனும் சிரித்தார்களா என்று நற்செய்தியாளர் குறிக்கவில்லை. ஆனால் உலகின் மீட்பர் புயலில் உறங்கியது அந்தச் சுமையின்மேல்தான். நாம் சுமையைக் குறைக்கச் சொல்லி முழங்கியதும் அதே நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

அன்று முதல் திருவிவிலியத்தில் இத்தகைய சிறு பொருள்கள் நம் கண்ணில் படத் தொடங்கின. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதியில் பவுல் என்ன கேட்கிறார்? சிறையிலிருக்கிறார், சாவு நெருங்குவதை அறிந்திருக்கிறார். ஆயினும் துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலுடையைக் கொண்டுவரச் சொல்கிறார். நூல்களையும் தோற்சுருள்களையும் கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி வேண்டுகிறார். விண்ணக முடியைப் பற்றி எழுதிய அதே கையால் போர்வையைப் பற்றியும் எழுத அவர் நாணவில்லை. பாலை நிலத்தில் சாவை வேண்டிப் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அறிவுரையன்று. சுட்ட அப்பமும் ஒரு குவளை நீரும். அதை உண்டபின் அவரை மீண்டும் உறங்கவிட்டார்.

இலத்தீன் மொழியில் ‘கொன்ஃபொர்த்தாரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. வலிமையைக் குறிக்கும் ‘ஃபொர்த்திஸ்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. வலுவூட்டுதல் என்று பொருள்படும். கெத்சமனித் தோட்டத்தில் வானதூதர் தோன்றி ஆண்டவருக்கு வலுவூட்டியதை லூக்கா நற்செய்தி கூறுமிடத்தில், பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு இச்சொல்லையே ஆள்கிறது. இன்று ஆங்கிலத்தில் ‘கம்ஃபர்ட்’ என்றால் மெத்தையும் சொகுசும் நினைவுக்கு வருகின்றன. அதன் வேரோ துன்பத்தை எதிர்கொள்ளத் தரப்படும் வலிமை. ஒரு பொருள் சொகுசா, வலுவா என்பது அதன் விலையிலோ எடையிலோ இல்லை. அது உரியவரை எழுந்து நிற்கச் செய்கிறதா என்பதில் இருக்கிறது. இதை வெளியிலிருந்து பார்க்கிறவர் அறியமுடியாது. ஆகவே கேட்டறிய வேண்டும். நாம் அன்று கேட்கவில்லை, தீர்ப்பிட்டோம்.

இதனால் சிறுமூட்டையே போதும் என்ற அறிவுரை பொய்யாகிவிடாது. படகில் இடம் குறைவு, வெள்ளம் காத்திராது. உயிரா, பெட்டியா என்ற நிலை வந்தால் உயிரே முதன்மை. ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை வெள்ளம் இன்னும் வரவில்லை. வண்டி வாசலில் நின்றது. அதில் இடமும் இருந்தது. முன்கூட்டியே புறப்படுகிறவர்களுக்குக் கிடைக்கும் பேறு இதுதான்: தேவையானதோடு, தேற்றுவதையும் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

2024 தவக்காலச் சேமிப்பின் ஒரு பகுதியை வேறு பணிக்கென வைத்திருந்தோம். ஜூன் மாதத்துக்குப் பின் பங்குப் பேரவையின் ஒப்புதலோடு அதில் ஐம்பது பாய்களும் ஐம்பது தலையணைகளும் வாங்கி மன்றத்தின் மேல்மாடியில் அடுக்கினோம். விடுதிக்குப் போக வழியில்லாதவர்களும் தலைவைத்துப் படுக்க வேண்டுமல்லவா! மழைக்காலத்துக்கு முன் அன்பியங்கள் வழியாக வீடுதோறும் கொடுக்கும் அறிவிப்பையும் திருத்தினோம். ஆவணங்கள், மருந்து, கைவிளக்கு, குடிநீர், உலர் உணவு, மாற்றுடை என்ற பழைய பட்டியலின் கீழே ஒரு வரி சேர்ந்தது: வீட்டிலுள்ள முதியவரிடமும் குழந்தையிடமும் தனித்தனியே, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டு, அதையும் எடுத்துக்கொள்ளவும்.

அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் சனிக்கிழமை, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் மீண்டும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. முந்திய நாள் வெள்ளிக்கிழமை மாலை, அந்தக் குடும்பத்தின் வண்டி விடுதிக்குப் போகும் வழியில் ஆலய வாசலில் நின்றது. மூதாட்டி கண்ணாடியை இறக்கினார். மடியில் ஒரு தலையணை. பேரன் இலவம் பஞ்சு தேடி வாங்கி அடைத்துக் கொடுத்ததாம்.

“பழசு மாதிரி இல்லை சாமி. இருந்தாலும் பரவாயில்லை, பழகிரும். இதை மந்திரிச்சுக் குடுங்க” என்றார்.

திருச்சபையின் சடங்கு நூலில் எப்பொருளுக்கும் உரிய பொது ஆசியுரை ஒன்று உண்டு. மழைத்தூறலில் நின்றபடி அதைச் சொல்லி, தீர்த்தம் தெளித்தோம். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மூதாட்டி மட்டும், “நனைச்சிராதீங்க சாமி” என்று சிரித்தார்.